பயிற்சி கொடுத்தாச்சு, கற்றுக்கொண்டார்களா?

வாசகர் கேள்வி – பதில்

மெஷின் மாறுகிறது, சட்டம் மாறுகிறது, ஆர்டர் மாறுகிறது. ஆட்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள் என்ற குறை இந்த முறை கடிதத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்குப் பதில் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கோவை, கணபதி: பம்ப் உதிரிபாகம் செய்யும் யூனிட் எங்களுடையது. 38 பேர் வேலை செய்கிறார்கள். ஆறு மாதம் முன்பு இரண்டு புது சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) இறக்கினோம். மெஷின் விற்றவர்களே ஆள் அனுப்பி மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு செட்டிங் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் ஊர் நோன்பிக்குப் போனால் மெஷினுக்கும் லீவு. திரும்ப ஒரு வகுப்பு வைக்கலாமா?

வைக்க வேண்டாம். அந்த மூன்று நாளில் எட்டுப் பேரும் கேட்டிருப்பார்கள். கன்ட்ரோலைத் தொட்டவர் எத்தனை பேர்? ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-ல் எழுதி வைத்தார்: மறதியின் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நடந்து முடிகிறது. வகுப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து முதல் தடவை ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) மாற்றப் போகிறவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

உங்களுக்கு ஏற்றது பழைய முறை. போர்க் கருவி ஆலைகளுக்குப் பழக்கமில்லாத ஆட்கள் குவியத் தொடங்கிய 1940-ல் அமெரிக்காவில் 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் வந்தது. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டா போன்ற இடங்களில் வேர் பிடித்தது. வேலை நடக்கும் இடத்திலேயே, ஒருவருக்கு ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு சின்ன வேலை. சாரம் அவ்வளவுதான்.

முதலில் 'செட்டிங்' என்ற பெரிய சொல்லை உடையுங்கள். ஜா மாற்றி போரிங் செய்வது, டூல் மாட்டி அதன் ஆஃப்செட் (டூல் முனையின் இட அளவு) எடுப்பது, ஒர்க் ஆஃப்செட் போடுவது, புரோகிராமை அழைத்து டிரை ரன் பார்ப்பது, முதல் பீஸை அளந்து திருத்துவது, இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது என்று ஆறு துண்டாவது வரும். ஒரு துண்டு 20 நிமிடத்துக்குள் சொல்லிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அதைவிட நீண்டால் இன்னும் ஒரு தடவை உடையுங்கள்.

துண்டுக்கு ஒரு தாள், தாளில் மூன்று பத்தி: செய்யும் படி, அதில் கவனிக்க வேண்டியது, ஏன். மூன்றாவது பத்திதான் தாளுக்கு உயிர். முதல் பீஸ் திருத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக வந்திருக்கிறது, டூல் தேய்மானத்தை ஈடுகட்டும் 'வேர் ஆஃப்செட்' பக்கத்தில் எக்ஸ் கட்டத்தில் –0.04 சேர்க்க வேண்டும். கவனிக்க வேண்டியது: ஃபானுக் கன்ட்ரோலில் 'பிளஸ் இன்புட்' அழுத்த வேண்டும், வெறும் 'இன்புட்' கூடாது. ஏன்? 'பிளஸ் இன்புட்' ஏற்கெனவே உள்ள எண்ணோடு கூட்டும். 'இன்புட்' பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். கட்டத்தில் ஏற்கெனவே –0.12 இருந்தால் –0.16 ஆக வேண்டியது –0.04 ஆகிவிடும், அடுத்த பீஸ் 0.12 பெரிதாக வந்து நிற்கும். உள்விட்டம் சிறிதாக வந்தால் குறி நேர்மாறு, அங்கே +0.04. டெசிமல் புள்ளியும் ஒரு தனி வரி: சில அமைப்புகளில் புள்ளி இல்லாமல் 100 என்று அடித்தால் மெஷின் அதை 0.1 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். இந்த மாதிரி நுணுக்கம் மூன்று நாள் வகுப்பில் காற்றோடு போயிருக்கும். மெஷின் பக்கத்தில் தாளாகத் தொங்கினால் போகாது.

தாளை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். செட்டர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று எழுதுங்கள். எழுதியதை அப்படியே வைத்து வேறொருவர் செய்து பார்க்கட்டும். அவர் தடுமாறும் இடத்தில் தாள்தான் தப்பு.

சொல்லிக்கொடுக்கும் வரிசை நான்கு கட்டம். முதலில், கற்பவருக்கு ஏற்கெனவே எது தெரியும் என்று கேட்டு, அவரைச் செட்டர் நிற்கும் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். எதிரே நின்றால் இடமும் வலமும் மாறித் தெரியும். இரண்டாவது, செட்டர் மூன்று தடவை செய்து காட்ட வேண்டும்: ஒரு தடவை படிகளை மட்டும் சொல்லி, அடுத்து கவனிக்க வேண்டியதையும் சேர்த்து, கடைசியாக ஏன் என்பதையும் சேர்த்து. மூன்றாவது, கற்பவர் செய்ய வேண்டும். முதல் தடவை பேசாமல், பிறகு அதே மூன்று அடுக்கையும் தன் வாயால் சொல்லிக்கொண்டே. கை சரியாகச் செய்து, வாய் காரணம் சொல்லத் தடுமாறினால் அவர் இன்னும் கற்கவில்லை, பார்த்துச் செய்கிறார், அவ்வளவுதான். நான்காவது, தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பெயர் சொல்லி, முதல் நாள் மணிக்கொரு தரம், அப்புறம் ஷிப்டுக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒரு அட்டவணை மாட்டுங்கள். மேலே வேலைகள், பக்கவாட்டில் பெயர்கள், கட்டத்தில் ஒரு வட்டம். கற்றுக்கொண்டிருந்தால் கால் வட்டம் நிரப்புங்கள், மேற்பார்வையில் செய்தால் அரை, தனியே செய்தால் முக்கால், பிறருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தால் முழுது. ஒவ்வொரு வேலைக்கும் முக்கால் வட்டத்துக்குக் குறையாமல் மூன்று பேர் என்பதுதான் இலக்கு. இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு துண்டு என்று போனால், இழுபறியோடு சேர்த்து எட்டு வாரம். ஒரு வேலையை 30 நாள் தொடாதவருக்குக் கால் வட்டத்தை அழித்துவிடுங்கள். கோபப்படுவார்கள், ஆனால் அட்டவணை பொய் சொல்லாது.

இது கவிழ்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். செட்டருக்கு அன்றைய பீஸ் எண்ணிக்கையும் குறையக் கூடாது, சொல்லியும் கொடுக்க வேண்டும் என்பார்கள். அவர் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான். சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரத்துக்கு உண்டான பீஸை அவர் கணக்கிலிருந்து எழுத்தில் கழியுங்கள்.

திருப்பூர்: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் நான். ஸ்டைல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓவர்லாக் டெய்லரிடம் பேட்லாக் கற்றுக்கொள்ளச் சொன்னால், "எனக்கு எதுக்குண்ணா அது?" என்கிறார்கள். சோம்பலா?

சோம்பல் இல்லை, கணக்கு. பீஸ் ரேட்டில் இருப்பவர் தெரிந்த மெஷினை விட்டு எழுந்தால் அன்றைக்கே வருமானம் பாதியாகும். கற்பதன் செலவை அவர் தலையில் வைத்துவிட்டு ஆர்வம் இல்லை என்று குறைப்படுகிறோம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாளுக்கு 700 ரூபாய் எடுப்பவர் புது மெஷினில் முதல் நாள் 350 எடுக்கிறார். எட்டு நாளில் மெல்ல 660-க்கு வருகிறார். நாள்வாரிக் குறை 350, 290, 230, 180, 140, 100, 70, 40 என்று வைத்தால் மொத்தம் 1,400 ரூபாய். பேட்லாக் ஆள் வராமல் 25 பேர் லைன் ஒரு மணி நேரம் நின்றால், 8 மணி நேர ஷிப்டுக்கு அதே 700 என்ற கணக்கில் சும்மா போகும் கூலி மட்டும் ஏறக்குறைய 2,190 ரூபாய். அந்த 1,400-ஐக் கம்பெனி கொடுக்கட்டும்: கற்கும் நாட்களில், முந்தைய நான்கு வாரத்தின் நாள் சராசரிக்குக் குறையாமல் சம்பளம் என்று முதலாளியிடம் பேசி வாங்குங்கள். இரண்டாவது மெஷினில் தனியே தைக்கத் தெரிந்தவருக்கு நாள்படி சின்னதாக ஒரு கூடுதல் தொகையும் இருந்தால், கற்றதை மறக்கவிட மாட்டார்கள்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் தொடவே தொடாதீர்கள். ஸ்டைல் மாறும் இடைவெளியில், கட்டிங் வந்து சேரக் காத்திருக்கும் நேரத்தில் உட்கார வையுங்கள். பழகுவதற்குக் கட்டிங் வேஸ்ட் போதும், ஆனால் அடுத்து வரப்போகும் துணியின் ஜி.எஸ்.எம்.மில் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடையில்) இருக்க வேண்டும். 280 ஃப்ளீஸில் பழகியவர் 140 சிங்கிள் ஜெர்சிக்கு வந்தால் ஓரம் சுருண்டு கையைக் குழப்பும். நேர்க்கோட்டை மட்டும் பழக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பேட்லாக்கில் தையல் விடுவது பக்கத் தையல் குறுக்கே வரும் தடித்த இடத்தில்தான். அந்த இடத்தை மட்டும் ஐம்பது தடவை தைக்கச் சொல்லுங்கள்.

ஈரோடு: எங்கள் சாயப்பட்டறையில் மாஸ்டருக்கு வயது 61. எல்லாம் அவர் தலையில்தான். எழுதித் தரச் சொன்னால் தட்டிக் கழிக்கிறார். போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

அவர் தட்டிக் கழிப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எழுதிக் கொடுத்த மறுமாதம் தன்னை அனுப்பிவிடுவீர்கள் என்ற சந்தேகம் ஒன்று. அதை நீங்கள்தான் வேலை உத்தரவாதத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். இன்னொன்று, தனக்குத் தெரிந்தது என்னென்ன என்று அவருக்கே தெரியாது. முப்பது வருடம் கண்ணால் செய்ததை 'எல்லாவற்றையும் எழுதுங்கள்' என்றால் யாராலும் முடியாது.

ஆகவே அவரிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள், இளைய கெமிஸ்ட் ஒருவரிடம் கொடுங்கள். மூன்று வாரம் அவர் மாஸ்டரோடு நிற்கட்டும். சாய அளவு எழுதிய கார்டில் உள்ளபடி போகும்போது ஒன்றும் எழுத வேண்டாம். மாஸ்டர் கார்டை விட்டு விலகும் ஒவ்வொரு தடவையும் மூன்று கேள்வி: என்ன பார்த்தீங்க? அப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இதே சாயத்தில் எப்போ இப்படிச் செய்ய மாட்டீங்க? மூன்றாவது கேள்வியில்தான் சரக்கு வரும்.

இப்படிச் சேரும் குறிப்புகள் எந்த மாதிரி இருக்கும் என்றால்: ரியாக்டிவ் சாயத்தில் சோடா ஆஷை ஒரே கொட்டாகக் கொட்டாமல் 30–40 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், இல்லையென்றால் சாயம் முதலில் தொட்ட இடத்திலேயே பிடித்துத் திட்டு விழும். தண்ணீர் கடினமாக வரும் நாளில் நிறம் மங்கும். லாரித் தண்ணீர் மாறினால் முதலில் கடினத்தன்மையைப் பார். டியூப் லைட்டில் பொருந்தும் ஷேடு பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம், ஆகவே லைட் பாக்ஸில் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதே. பாதி விஷயம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்தான். உங்கள் பட்டறையில், உங்கள் தண்ணீரில், உங்கள் மெஷினில் அது எந்த எண்ணில் நிற்கிறது என்பது இருக்காது.

குறிப்புக்குக் கீழே மாஸ்டர் பெயரைப் போடுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுது நீக்குநர்கள் கையேட்டைவிடத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அனுபவக் கதைகளால்தான் மெஷினைச் சரிசெய்கிறார்கள் என்று மானுடவியலாளர் ஜூலியன் ஓர் அவர்களோடு திரிந்து கண்டார். 1990-களில் அங்கே 'யுரேகா' என்ற குறிப்புக் களஞ்சியம் உருவானபோது, பழுது நீக்குநர்கள் பணத்தைவிடத் தங்கள் பெயர் குறிப்போடு இருப்பதைத்தான் பெரிதாக நினைத்தார்கள். உங்கள் மாஸ்டரும் அதே ரகமாகத்தான் இருப்பார்.

சிவகாசி: ஆஃப்செட் அச்சகம். காலண்டர் சீசனில் ஒவ்வொரு பெரிய ஆர்டர் முடிந்ததும் 'என்ன கற்றோம்' என்று கூட்டம் போடுகிறோம். பிளேட் செக்ஷனும் பிரஸ் செக்ஷனும் அடித்துக்கொள்வதில் முடிகிறது.

யார் தப்பு என்ற கேள்வியோடு தொடங்கியிருப்பீர்கள். கலிபோர்னியாவில் ஃபோர்ட் இர்வின் ராணுவப் பயிற்சிக் களத்தில் ஒவ்வொரு ஒத்திகைப் போருக்குப் பிறகும் ஒரு கூட்டம் நடக்கும். அதன் கேள்விகள் நான்கு: என்ன நடக்க வேண்டியிருந்தது? உண்மையில் என்ன நடந்தது? இடைவெளி ஏன்? அடுத்த தடவை எதை அப்படியே வைப்போம், எதை மாற்றுவோம்? இந்த வரிசை மாறக் கூடாது. முதல் இரண்டும் எழுத்தில் பலகையில் ஏறாமல் மூன்றாவதுக்குப் போனால் சண்டைதான்.

முதல் கேள்விக்கே நிறைய இடத்தில் பதில் கிடைக்காது. 10,000 ஷீட்டுக்கு எவ்வளவு வேஸ்ட் அனுமதி, ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) எந்த அளவுக்கு விலகலாம், புரூஃபில் கையெழுத்து யாருடையது என்று வேலை தொடங்கும் முன் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆகவே கூட்டத்தின் பாதி, வேலைக்கு முன்பே நடக்க வேண்டும்: ஐந்து நிமிடம், ஜாப் கார்டில் மூன்று வரி.

மொத்தம் 30 நிமிடம் வைத்தால் முதல் இரண்டு கேள்விக்கு 8, மூன்றாவதுக்கு 7, மீதி 15 நான்காவதுக்கு. வேலை முடிந்த மறுநாளுக்குள் நடத்துங்கள். மெஷின்மேன் முதலில் பேச, முதலாளி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் "ஆமாங்க முதலாளி". ஒரு கூட்டத்திலிருந்து இரண்டு மாற்றத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. அடுத்த கூட்டம் அந்த இரண்டும் நடந்ததா என்பதில்தான் தொடங்க வேண்டும்.

மதுரை, நர்ஸிங் கண்காணிப்பாளர்: தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு நோட்டு வைத்தோம். நான்கு மாதமாகக் காலியாக இருக்கிறது. நல்லதுதானே?

நல்லதல்ல. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தபோது, நன்றாகச் சேர்ந்து இயங்கும் குழுக்களில்தான் பதிவான மருந்துத் தவறு கூடுதலாக இருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் வெளியே சொன்னார்கள். காலி நோட்டுக்கு அர்த்தம் பயம்.

நோட்டை எடுத்துவிட்டு ஒரு பக்கப் படிவம் வையுங்கள். மூன்று நிமிடத்தில் நிரம்ப வேண்டும், பெயர் கட்டாயமில்லை. நடந்த தவறுக்கு முன்னால், நூலிழையில் தப்பியதை எழுதச் சொல்லுங்கள், அதைச் சொல்வது சுலபம். ஒருவர் வந்து சொன்னதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் "நோயாளி எப்படி இருக்கிறார்?" அடுத்தது "என்ன நடந்தது, சிஸ்டர்?" 'யார்' என்ற சொல் முதல் பத்து நிமிடத்தில் வரக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் பதிலாக ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய மாற வேண்டும். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் மற்ற ஆம்பூல்களோடு ஒரே தட்டில் இருந்ததாக யாராவது எழுதினால், எச்சரிக்கைச் சுற்றறிக்கை விடாதீர்கள், ஆம்பூலை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். எழுதினால் நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் இரண்டாவது படிவம் தானே வரும். வேண்டுமென்றே விதியை மீறுவது வேறு கணக்கு. அதற்கு நடவடிக்கை உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திருச்சி, ஆடிட்டர் அலுவலகம்: வரி விதி மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லா சுற்றறிக்கையையும் போடுகிறேன். பன்னிரண்டு பேரில் ஒருவரும் படிப்பதில்லை.

கட்டை விரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். பி.டி.எஃப். அனுப்புவது உங்கள் மன நிம்மதிக்கு, அவர்கள் கற்பதற்கு அல்ல. பொருளைப் பிரித்துக் கொடுங்கள்: ஜி.எஸ்.டி. ஒருவர், டி.டி.எஸ். ஒருவர், வருமான வரி ஒருவர் என்று. மாற்றம் வந்த இரண்டு நாளுக்குள் பொறுப்பாளர் நான்கு வரி எழுத வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து, முன்பு என்ன, இப்போது என்ன, நம் வாடிக்கையாளர்களில் யார் யாருக்கு. நான்காவது வரியில் பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 1.4.2025 முதல் இ-இன்வாய்ஸை 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது செய்தி. நம்மிடம் அப்படி ஏழு பேர், இவர்கள் என்பது வேலை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வருவதையும் இப்படித்தான் இறக்க வேண்டும்: எந்த சாஃப்ட்வேர் கட்டம், எந்தக் கடித மாதிரி, யார் திருத்துவது.

திங்கள் காலை பத்து நிமிடம், தாளைப் பார்க்காமல் மூன்று கேள்வி. மதிப்பெண் வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வாரக் கணக்குதான் முக்கியம். மூன்று கேள்வியில் ஒன்று போன மாதத்துடையதாக இருக்கட்டும்.

சென்னை, மனிதவளத் துறை: ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி இருந்தால் நல்லது?

மணி நேரத்தை எண்ணினால் மணி நேரம்தான் கிடைக்கும். பயிற்சி முடிந்த 60-வது நாள் அவருடைய மேலாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இவர் இப்போது எதை வேறு மாதிரி செய்கிறார்? பதில் இல்லையென்றால் அந்தப் பயிற்சியை அடுத்த ஆண்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஓசூர்: சின்ன யூனிட்டும் அப்ரண்டிஸ் எடுக்கத்தான் வேண்டுமா? உதவித்தொகையில் அரசு பங்கு உண்டா?

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை விருப்பம். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்தால், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடும். ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும், கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பணம் தங்குவது இந்த இரண்டாவதில்தான். டீ வாங்கவும் பண்டல் தூக்கவும் ஆள் கிடைத்தான் என்று எடுக்காதீர்கள். சேரும் முதல் நாளே, மேலே கணபதி வாசகருக்குச் சொன்ன சுவர் அட்டவணையில் அந்தப் பையன் பெயரையும் ஒரு வரிசையில் எழுதி, முதல் மாதத்தில் நிரப்ப வேண்டிய இரண்டு கட்டத்தைக் காட்டிவிடுங்கள்.